ஐஸ் பெட்டியில் என் தொடைச் சதை

என் வலது தொடையில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. மேலே இருப்பது கொடைக்கானலில் போட்டது, ஐந்து தையல். நான்கு விரல் கீழே இருப்பது மதுரையில் போட்டது, ஆறு தையல். இரண்டுக்கும் இடையே முப்பத்தைந்து நாள். ஒரே காரணத்துக்காக ஒருவனை எதற்கு இரண்டு முறை அறுத்தார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே விடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு நான் கொடைக்கானல் நிருபர். வீடு செண்பகனூரில். டவுன் பஸ் இருந்தாலும் குறுக்குப் பாதையில் ஏறி ஊருக்குள் போவதுதான் என் பழக்கம். நாற்பது நிமிடம் ஆகும். நகராட்சிக் கூட்டம், காட்டுத் தீ, சீசன் நெரிசல் என்று அன்றன்று கிடைப்பதை எழுதி, உறையில் போட்டு, மதிய பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு இறங்குவேன்.

அந்த மழைக்காலத்தில் நாற்பது நிமிடம் ஐம்பது ஆயிற்று. நவம்பரில் ஒரு மணி நேரம். கிறிஸ்துமஸ் பூசைக்குக் கோயில் படி ஏறும்போது மனைவி ரெஜினாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். வலி என்று சொல்ல முடியாது. தொடையும் தோளும் ஈர மணல் மூட்டை போலக் கனத்தன. உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. முகம் சற்று உப்பியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. அவசரச் செய்தியை டிரங்க் காலில் சொன்னால், மதுரை அலுவலகத்தில் எடுத்து எழுதுபவர், “என்ன சார், தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து பேசுறீங்களா?” என்பார். மலைக்குளிரில் முகம் உப்பாதவர் யார், தொண்டை கட்டாதவர் யார்? ஒரு ஸ்வெட்டர் போதாமல் இரண்டு போட்டுக்கொண்டேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை. கொடைக்கானலில் ஸ்வெட்டரை எண்ணுபவர் கிடையாது.

ஜனவரியில் மதுரைக்கு இறங்கினோம். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு, தசை நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குறைவாகப் பேசுவார், கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்வார். ரத்தத்தில் சி.பி.கே. என்ற ஒன்றை அளந்தார்கள். தசைக்குள் இருக்கவேண்டிய நொதி அது. தசை சேதப்பட்டால் ரத்தத்தில் கசியும். எனக்கு இருக்கவேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தது. அடுத்து ஊசிச் சோதனை. தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகிக் காலை மடக்கச் சொல்வார்கள். தசையின் மின்சாரம் ஒலிபெருக்கியில் மழை தகரத்தில் விழுவது போலக் கேட்கும். என்னுடையது தூறலாக இருந்தது.

“நரம்பு நல்லா இருக்கு. கோளாறு தசைக்குள்ள,” என்றார் டாக்டரம்மா. “ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு சின்னச் சின்ன அடுப்பு இருக்கு. சாப்பாட்ட எரிச்சு சக்தி குடுக்குறது அதுதான். அந்த அடுப்போட சுவரு கெட்டுப்போற வியாதி ஒண்ணு உண்டு. உங்களுக்கு அதுவா இருக்குமோன்னு பாக்கணும்.”

அந்தச் சுவரைப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். முருகேசன். மதுரையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஒடிசலான உருவம், ரப்பர் செருப்பு. அதுவரை எலியின் ஈரலில் இருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்துக் காந்தத்தில் வைத்துப் பார்த்துவந்தார். மனிதத் தசை கிடைக்கும் என்றதும் டாக்டரம்மாவின் அறைக்கே வந்துவிட்டார்.

“நெல்லிக்கா அளவு சதை போதும் சார்,” என்றார், கடைக்காரரிடம் கேட்பது போல.

காந்தம் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தை இன்றுவரை நான் மாற்றவில்லை.

“சவ்வுங்கிறது ரெண்டு வரிசையா நிக்கிற கொழுப்பு மூலக்கூறு சார். ஒவ்வொண்ணுக்கும் தலையில ஒரு பாஸ்பரஸ் அணு. பெரிய காந்தத்துக்குள்ள வச்சு ரேடியோ அலைய விட்டா, அந்தப் பாஸ்பரஸ் பதில் குரல் குடுக்கும். இப்ப பஸ்ல நெருக்கி நிக்கிறவனப் பாருங்க. லேசா ஆடலாம், சுத்த முடியாது. சவ்வு ஒழுங்கா இருந்தா அப்பிடித்தான். அப்ப காயிதத்துல விழுற கோடு அகலமா, ஒருபக்கம் சரிவா ஏறி, மறுபக்கம் செங்குத்தா விழும். உங்க மலை மாதிரின்னு வச்சுக்கங்க. சவ்வு ஒடைஞ்சு துண்டுதுண்டா மெதந்தா, மைதானத்துல விட்ட ஆள் மாதிரி இஷ்டத்துக்குச் சுத்தும். அப்ப மலை இருக்காது. நடுவுல ஒரு ஊசி நிக்கும்.”

“மலையா ஊசியா. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

காந்தத்தைக் குளிர வைக்கும் திரவ ஹீலியம் வந்து சேர ஏப்ரல் ஆகும் என்றார். அதற்குள் என்னால் பஸ் படியே ஏற முடியவில்லை. மதுரைக்கு அலையவேண்டாம், சதையை மலையிலேயே எடுத்து அனுப்பலாம் என்று டாக்டரம்மா எழுதினார். கொடைக்கானலில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் கைதேர்ந்த சர்ஜன் இருந்தார். சர்க்கரைக் கரைசல் நிரப்பிய சின்னச் சீசா ஒன்றை முருகேசன் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். கூட ஒரு சீட்டு: “ஐஸில் வைத்து, ஐந்து மணி நேரத்துக்குள்.”

ஐஸ் என்றதும் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. ரெஜினாவின் தம்பி செபஸ்தி ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் விற்பவன். பெட்டி அவனுடையது, ஐஸ் அவனுடையது. பன்னிரண்டு வருடத் தொழிலில் ஒரு நாள்கூடத் தன் சரக்கு இளகியதில்லை என்பான்.

“இந்தச் சோலிய எங்கிட்ட விடுங்க மச்சான்,” என்றான். “உங்க சதைய மாம்பழ ஐஸ் மாதிரி கொண்டுபோய்ச் சேக்குறேன்.”

மரத்துப்போக ஊசி போட்டு அறுத்தார்கள். இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. வெள்ளனே ஏழு மணிக்கு எடுத்த சதையோடு செபஸ்தி ஏழரை பஸ்ஸில் ஏறினான். பதினொன்றேகாலுக்கு ஆராய்ச்சிக் கூட வாசலில் நின்றான். நேரத்தில் குறையில்லை.

பத்தாம் நாள் டாக்டரம்மாவின் கடிதம் வந்தது. ஊசி.

அவர் அப்படி எழுதவில்லை. சவ்வின் அடுக்கு பெருமளவு கலைந்திருக்கிறது, இது மெல்ல இதயத்துக்கும் மூச்சுத் தசைக்கும் பரவக்கூடிய வகை, மருந்து இல்லை, ஏழாயிரம் அடி உயரத்தில் இருப்பது நல்லதல்ல, ஜூனுக்குள் கீழே இறங்கிவிடுங்கள். கூடவே முருகேசன் அனுப்பிய காகிதத்தின் பிரதி. நீளமான வெற்றுக் கோடு. நடுவில் ஒல்லியாக ஒரு கோபுரம்.

இனி என்ன என்பது அந்த வாரமே முடிவாகத் தொடங்கியது. மலையடிவாரத்தில், பாலசமுத்திரத்தில் இருக்கும் என் அக்கா, முன்பக்க இரண்டு அறைகளைக் காலி செய்து வைப்பதாகச் சொல்லியனுப்பினாள். ரெஜினா ஒரு பள்ளி விடுதியில் மேட்ரன். இறங்கினால் அந்த வேலை போகும். மகள் நிர்மலா ஏழாம் வகுப்பு, அவளுக்கு டி.சி. வாங்க விண்ணப்பம் எழுதி மேசையில் வைத்தாயிற்று. ஜூனில் வேறு நிருபரைப் போடலாமா என்று ஆசிரியர் மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார். நான் பிறந்ததும் நடக்கக் கற்றதும் இந்தச் சரிவில். சமதரையில் எனக்கு என்ன எழுதத் தெரியும் என்று தெரியவில்லை.

பயந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் செய்தி வேலை ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. யாராவது ஒன்றை உறுதியாகச் சொன்னால், அது வேறு எப்படி நடந்திருக்கலாம் என்று இன்னொருவரைக் கேட்காமல் எழுத மாட்டேன். முருகேசனுக்கு ஒரே கேள்வியை எழுதினேன்: நோய் இல்லாத தசையும் ஊசி காட்டுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் பதில் வந்தது. மறுநாள் பூசை முடிந்து செபஸ்தி வீட்டுக்கு வந்திருந்தான். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கும் சேர்த்து உரக்கப் படித்தேன்.

“தசை உறைந்து இளகினாலும் இப்படியே வரும். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது சவ்வைக் கிழித்துவிடும். ஆனால் உங்களுடையது ஐஸில்தான் வந்தது. ஐஸ் பூஜ்ய டிகிரி. அதில் இருக்கும் சதை குளிருமே தவிர உறையாது. ஆகவே அந்தச் சந்தேகம் வேண்டாம்.”

செபஸ்தி சிரித்தான். “வெறும் ஐஸா? யாருக்கு மச்சான் கத சொல்றாரு? ஏப்ரல் வெயில்ல வெறும் ஐஸ வச்சா வத்தலக்குண்டு தாண்டுறதுக்குள்ள தண்ணியாப் போயிருமுல்ல.”

“நீ என்ன வச்ச?”

“உப்புப் போட்டு இடிச்சு வச்சேன். நம்ம தொழிலு அதுதானே. ஒண்ணரைப் படி கல்லுப்பு. சீசா கல்லு மாதிரி இருந்துச்சு, தெரியுமா!” பெருமையாகத்தான் சொன்னான்.

ரெஜினா சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நான் மெதுவாகக் கேட்டேன்.

“கல்லு மாதிரி இருந்தத அவருகிட்ட அப்பிடியேவா குடுத்த?”

“எங்க குடுக்க விட்டான்? கேட்டுல வாட்ச்மேன் என்னிய ஐஸ் விக்க வந்தவன்னு நெனச்சு உள்ள விடல. ‘இங்க விக்கக் கூடாது, போ போ’ங்கிறான். பெட்டியத் தெறந்து சீசாவ வெளிய எடுத்து, ஆளோட சதைய்யான்னு காட்டுனா, தள்ளிப் போய் நிக்கிறான். அரை மணி நேரம் கையிலயே வச்சுக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம்தான் அந்த முருகேசன் தம்பி வந்து வாங்குச்சு.”

உப்புப் போட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி இறங்கும். அதனால்தான் ஐஸ்கிரீம் நிற்கிறது. என் சதை மலையிலிருந்து இறங்கும்போதே உறைந்து, ஆராய்ச்சிக் கூட வாசலில் மதுரை வெயிலில் இளகியிருக்கிறது. வாங்கியவர் கையில் இருந்தது குளிர்ந்த சீசா மட்டும்.

“பனி அடிச்ச உருளைக்கிழங்கு மாதிரி,” என்றாள் ரெஜினா. “வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். வெயில் ஏறுனா தண்ணியா ஒழுகும்.” பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். “ஏலே, சீட்டுல உப்புன்னு எழுதியிருந்துச்சாடா? இவருக்கு நோயே நீ இடிச்ச உப்புதானாடா?”

“நல்லதுக்குத்தானக்கா செஞ்சேன்...”

அவனுக்கு அதற்குமேல் இட்லி இறங்கவில்லை. எனக்கு அன்றுதான் நாலு மாதத்தில் முதல் முறையாக நன்றாகப் பசித்தது. நோய் போய்விடவில்லை, கால் அப்படியே கனத்தது. ஆனால் என்மேல் சொல்லப்பட்ட தீர்ப்புக்குச் சாட்சி கிடையாது என்று ஆகிவிட்டது. டி.சி. விண்ணப்பத்தை எடுத்து பைபிளுக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை.

உப்புச் செய்தியைக் கேட்ட டாக்டரம்மா, இந்த முறை சதை வரவேண்டாம், ஆளே வரட்டும் என்று பதில் அனுப்பினார். மே மாதம் மூன்றாவது வாரம். பஸ் நிலையத்தில் செபஸ்தி பையோடு நின்றான். சீசன் உச்சத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். ஒரு வாரமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவன்.

“இந்தவாட்டி நான் ஒண்ணையும் தொட மாட்டேன் மச்சான். உங்கள மட்டும் தூக்கிட்டு வாரேன்.”

சொன்னபடி பஸ்ஸில் தூக்கித்தான் ஏற்றினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மர பெஞ்சு. மேலே மின்விசிறி சுற்றியது. சூடான காற்றை இடம் மாற்றுவதைத் தவிர அதனால் வேறெதுவும் ஆகவில்லை. எதிரே இருந்தவர்கள் துண்டால் விசிறிக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் சீட்டுகளை வாங்கிக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். நாற்பது வயதிருக்கும், உரத்த குரல்.

“ஏங்க, காய்ச்சலா?”

“இல்லம்மா.”

“பெறகு எதுக்கு ரெண்டு ஸ்வெட்டரு? பாக்குற எனக்கு வேர்க்குது.”

“குளிருதும்மா.”

செபஸ்தி உதவிக்கு வந்தான். “மலையில இருந்து வாராருங்க. பழக்கம்.”

நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீயும் மலையில இருந்துதானே வந்த? ஒனக்கு மட்டும் ஏன் சட்டை நனைஞ்சு கெடக்கு?”

அவர் என் கையைத் தொட்டார். உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது: மே மாத மதுரையில், உச்சிப்பொழுதில், என் தோலில் ஒரு துளி வேர்வை இல்லை. செதில் செதிலாக வறண்டு, சில்லென்று இருந்தது. நர்ஸ் நேராக டாக்டரம்மாவின் அறைக்குள் போனார்.

டாக்டரம்மா என்னை மண்டி போட வைத்து, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளியது திரும்பி வருவதற்குத் தாமதமானது. தூக்கம் கலைந்தவன் புரண்டு படுப்பது போல. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே தாமதம்.

“ஜனவரியிலயும் இது மெதுவாத்தான் இருந்துச்சு,” என்றார். “குளிர்ல இருந்து இறங்கி வந்தவருன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்.” கழுத்தைத் தடவிப் பார்த்தார். முகத்தை, குரலை, மலச்சிக்கலை, ஸ்வெட்டரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என் நோயின் ஒவ்வொரு தடயத்துக்கும் மலை ஒரு சாக்கு சொல்லிக்கொண்டிருந்தது என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தபோது புரிந்தது. “கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அடுப்பு எம்புட்டு வேகமா எரியணும்னு சொல்றது அது. அது சோம்பிப்போனா ஆளே மந்தமாயிருவாரு. தசையும் கெடும், சி.பி.கே.வும் ஏறும். அடுப்புச் சுவர்ல கோளாறு இல்லாமலே இத்தனையும் வரலாம். ரத்தத்த மெட்ராசுக்கு அனுப்புறேன்.”

“அப்ப சதை வேண்டாமா?”

“வேணும். தைராய்டு கெட்டிருக்கிறதால சுவரு நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல. ரெண்டையும் பாத்துருவோம்.”

அன்று மாலையே இரண்டாவது தழும்பு. முருகேசன் அறுவை அறை வாசலில் நின்று தானே வாங்கிக்கொண்டார். கண்ணாடிக் குடுவையில் தண்ணீரும் ஐஸும் கலந்து, தெர்மாமீட்டரைச் செருகி வைத்திருந்தார். செபஸ்தி எட்டி நின்று பார்த்தான்.

“உப்பு இல்லையே?” என்று கேட்டான்.

“இல்லண்ணே,” என்றார் முருகேசன், சிரிக்காமல்.

மறுநாள் மதியம் அவர் வார்டுக்கு வந்தார். காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். கட்டிலில் விரித்தார். இடது பக்கம் மெல்ல ஏறிய கோடு, வலது பக்கம் உச்சியைத் தொட்டு, நேராகக் கீழே விழுந்திருந்தது. அகலமான, கோணலான, நல்ல மலை.

“எலி ஈரல்லகூட இவ்வளவு சுத்தமா வந்ததில்ல சார்,” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் இல்லை என்று புரிந்துகொண்டேன். அன்று காலை பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த ரெஜினா அந்தக் காகிதத்தைத் தொடாமல், அதன் மேல் விரலை ஓட்டினாள், ஏற்றத்திலிருந்து இறக்கம் வரை.

மெட்ராஸ் முடிவு பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது வந்தது. சுரப்பி ஏறக்குறைய நின்றே போயிருந்தது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. முதலில் பாதி, பிறகு ஒன்று. ஆயுள் முழுக்க. மலையை விட்டு இறங்கவேண்டுமா என்ற கேள்விக்கு டாக்டரம்மா எழுதிய பதிலில் ஒரே வாக்கியம்: “ஏறிப் பழகுங்கள்.”

உப்புப் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது யோசிக்கிறேன். ஏப்ரலிலேயே மலை வந்திருக்கும். சுவர் நல்லது என்று கடிதம் வந்திருக்கும். ஆள் இறங்கியிருக்கமாட்டான். மலையில் இரண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து இன்னும் எத்தனை நாள் முடங்கிக் கிடந்திருப்பேன் என்று தெரியாது. இதைச் செபஸ்தியிடம் சொன்னதில்லை. சொன்னால் பெட்டியின் மேலே எழுதி வைத்துவிடுவான்.

ஜூலையில் குறுக்குப் பாதை ஒரு மணி பத்து நிமிடம். ஆகஸ்டில் ஐம்பத்தைந்து. செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, நகராட்சிக் கூட்டத்துக்காக ஏறினேன். பாதி வழியில் முதுகில் ஏதோ ஊர்வது போலிருந்தது. பூச்சி என்று நினைத்துக் கையை விட்டேன். வேர்வை. மேல் ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மீதியை ஏறினேன். மேலே வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடம்.

ஏரிக்கரையில் செபஸ்தி ஐஸ் இடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

“என்ன மச்சான், வெரசா வந்துட்டீங்க. பஸ்ஸா?”

“நடந்து.”

அவன் என் தோளில் தொங்கியதைப் பார்த்தான். “இது எதுக்குத் தொங்குது?”

“வேர்க்குது மாப்ளே.”

ஸ்வெட்டரை இழுத்து வாங்கினான். பெட்டியில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு, மூடியை அழுத்தி, அதன் மேல் ஸ்வெட்டரைப் போர்த்தி, அதன் கைகள் இரண்டையும் பெட்டிக்கு அடியில் கொண்டுபோய் இறுக்கி முடிச்சுப் போட்டான்.

“இனி இது இங்கயே கெடக்கட்டும்,” என்றான். “சாயங்காலம் வரைக்கும் இளகாது.”